சதுரங்கப் பலகையின் இருபது இலக்க எண்

சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்த அறிஞனுக்கு மன்னன் பரிசளிக்க முன்வந்த கதையை அறியாதவர் நம் நாட்டில் அரியர். பலகையின் முதற் கட்டத்திற்கு ஒரு தானிய மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இவ்வாறு ஒவ்வொரு கட்டத்திற்கும் அதற்கு முந்தியதைப்போல் இருமடங்காக, அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் அளித்தால் போதும் என்று அறிஞன் வேண்டினான். இவ்வளவுதானா என்று மன்னன் நகைத்தான். பின்னர்க் களஞ்சியக் கணக்கர்கள் வந்து கைவிரித்தனர். கதை இங்கே முடிவுறுகிறது. வகுப்பறையிலும் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். ஆனால் கணக்கர்கள் கண்ட எண்ணைப் பற்றி உண்மையில் சொல்லத்தக்க செய்திகள் இதற்கு அப்பால்தான் தொடங்குகின்றன. அவ்வெண் பின்வருமாறு:

18446744073709551615

இருபது இலக்கங்களைக் கொண்ட இதனை வாயால் சொல்வது எப்படி? மேனாட்டு நூல்களில் இதற்கெனத் தனிப்பெயர்கள் உள. அவற்றைத் தமிழில் பெயர்க்க முற்படும் என்போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் சிறிது திகைத்தே போகிறோம். நமது வழக்கிலுள்ள கோடியைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியும், நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியும், தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்தும் ஆகும். மூச்சு வாங்கினாலும் பொருள் விளங்குகிறது.

இத்தகைய எண்ணை அச்சிடுவதில் ஓர் அபாயமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பெயர்த்த ஒரு கட்டுரையின் அச்சுப்படியில் இதே எண் வந்தது. அதனைச் சரிபார்க்க, பள்ளியில் கற்ற ஒன்பதின் முறையைக் கையாண்டேன். இலக்கங்கள் அனைத்தையும் கூட்டினால் 87 வரவேண்டும், 87 வந்தது. ஒப்பமிட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் அச்சில் இருந்ததோ 18446744073790551615. நடுவில் 0, 9 என்னும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. இலக்கங்கள் இடம் மாறினால் அவற்றின் கூட்டுத்தொகை மாறாது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பதினொன்றின் முறையைக் கையாண்டிருந்தால் பிழை அப்போதே அகப்பட்டிருக்கும். வலக்கோடியிலிருந்து தொடங்கி இலக்கங்களை ஒன்றுவிட்டொன்று கூட்டியும் கழித்தும் சென்றால் சரியான எண்ணுக்கு 37 கிடைக்கும். பிழையான எண்ணுக்கு 19 கிடைக்கும். 11-ஆல் வகுக்க, முன்னதற்கு மீதி 4, பின்னதற்கு மீதி 8. அன்றுமுதல் இரண்டு முறைகளையும் சேர்த்தே கையாண்டு வருகிறேன். நீண்ட எண்களைப் படிவங்களில் எழுதும் கள ஊழியர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

இனி, எண்ணின் பருமனைச் சற்று நோக்குவோம். நடுத்தர நெல் இரகமொன்றில் ஆயிரம் மணிகளின் எடை ஏறத்தாழ 20 கிராம் எனக் கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோவிற்கு 50,000 மணிகள். ஒரு டன்னுக்கு ஐந்து கோடி மணிகள். பலகையின் முதல் வரிசையில் உள்ள எட்டுக் கட்டங்களுக்கும் சேர்த்து 255 மணிகள்தாம். ஐந்து கிராம், ஒரு சிட்டிகை. இரண்டாம் வரிசை முடிய ஒன்றேகால் கிலோவிற்குச் சற்று அதிகம். மூன்றாம் வரிசை முடிய ஏறத்தாழ 335 கிலோ, அதாவது நான்கைந்து மூட்டை. மன்னன் இதுவரை நகைத்துக்கொண்டே இருந்திருக்கலாம். நான்காம் வரிசை முடிய, அதாவது பாதிப் பலகைக்கு, 86 டன். ஐந்தாம் வரிசை முடிய ஏறக்குறைய 22,000 டன். ஆறாம் வரிசை முடிய 56 லட்சம் டன். ஏழாம் வரிசை முடிய 144 கோடி டன். உலகம் முழுவதிலும் இன்று ஓராண்டில் விளையும் நெல் ஏறத்தாழ 80 கோடி டன்தான் என்பதை நினைவில் கொள்க. பலகை முழுவதற்கும் 36,893 கோடி டன் வேண்டும். இன்றைய உலக விளைச்சல் முழுவதையும், ஒரு மணியையும் உண்ணாமல், நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் சேமித்தால் அறிஞனின் கடன் தீரும்.

இதே எண் வேறொரு கதையிலும் வருகிறது. காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு பொன் தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து மற்றொன்றிற்கு அர்ச்சகர்கள் விதிப்படி மாற்றிக்கொண்டிருப்பதாகவும், அப்பணி முடியும்போது உலகமும் முடியும் என்றும் மேனாட்டு நூல்களில் எழுதப்பட்டுள்ளது. அத்தகைய கோயில் எதுவும் இல்லை. எதுவார் லூகாஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1883-இல் வெளியிட்ட விளையாட்டுப் பொருளொன்றைச் சுற்றிப் புனையப்பட்ட கதை அது. ஆனால் கணக்கு மெய்யானது. நொடிக்கு ஒரு தட்டு வீதம் மாற்றினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். இன்றைய விஞ்ஞானிகள் மதிப்பிடும் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். லூகாஸின் பெயரை மீண்டும் சந்திக்க நேரும்.

இவ்வெண்ணைக் கண்டுபிடிக்க அறுபத்து மூன்று முறை இரட்டிப்பது அவசியமில்லை. அடுத்தடுத்து இரட்டித்துச் செல்லும் எண்களின் கூட்டுத்தொகை, அடுத்து வரவேண்டிய எண்ணைவிட எப்போதும் ஒன்று குறைவு. 1, 2, 4 ஆகியவற்றின் தொகை 7. அடுத்த எண் 8. எனவே நமது எண் இரண்டின் 64-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. அந்த அடுக்கைக் காண, 2-ஐ வர்க்கமாக்கி, வந்ததை மீண்டும் வர்க்கமாக்கி, இவ்வாறு ஆறு முறை செய்தால் போதும்: 4, 16, 256, 65536, 4294967296, பிறகு 18446744073709551616. இவ்வாறு அடுக்கைப் பாதி பாதியாகக் குறைத்து வர்க்கங்களால் கணக்கிடும் முறை நம் நாட்டில் மிகப் பழமையானது. யாப்பிலக்கண நூலாசிரியரான பிங்கலர், குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள அசைகளில் குறிலும் நெடிலுமாக எத்தனை வகை அடிகள் அமையும் என்று காண்பதற்கு இம்முறையைத் தம் சூத்திரங்களில் கூறியுள்ளார். அசை ஒன்றுக்கு இரண்டு வாய்ப்புகள் ஆதலின் விடை இரண்டின் அடுக்காகவே வரும். இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதிய அல்பிரூனியும் கி.பி. 1000-ஐ ஒட்டிய தமது காலக்கணிப்பு நூலில் சதுரங்கக் கணக்கை எடுத்துக்கொண்டு, 16-ஐ நான்கு முறை அடுத்தடுத்து வர்க்கமாக்கி ஒன்றைக் கழித்து இதே இருபது இலக்கங்களைத் தந்தார்.

பருமனைப் பற்றி இவ்வளவு போதும். எண்ணின் உள்ளமைப்பைக் காண்பதற்குப் பலகையை மடிக்க வேண்டும்.

முதல் இரண்டு கட்டங்களில் 1, 2, தொகை 3. அடுத்த இரண்டு கட்டங்களில் 4, 8. இவை முன்னவற்றின் நான்கு மடங்கு. ஆகவே நான்கு கட்டங்களின் தொகை, 3-இன் ஒரு மடங்கும் நான்கு மடங்கும் சேர்ந்து, 3 × 5 ஆகும். அடுத்த நான்கு கட்டங்கள் முதல் நான்கின் பதினாறு மடங்கு. எனவே எட்டுக் கட்டங்கள் கொண்ட முதல் வரிசையின் தொகை 3 × 5 × 17. இரண்டாம் வரிசை முதல் வரிசையின் 256 மடங்கு. எனவே இரு வரிசைகளுக்கும் சேர்த்து மேலும் 257-ஆல் பெருக்க வேண்டும். நான்கு வரிசைகளுக்கு 65537-ஆலும், முழுப் பலகைக்கு 4294967297-ஆலும் பெருக்க வேண்டும். ஆக,

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு வகுத்தல்கூடச் செய்யாமலே இருபது இலக்க எண் ஆறு காரணிகளாகப் பிரிந்துவிட்டது. மாணவர்கள் கையில் ஒரு காகிதப் பலகையைக் கொடுத்து உண்மையாகவே மடித்துக் காட்டச் சொன்னால், இயற்கணிதத்தில் அவர்கள் மனப்பாடம் செய்யும் இரு வர்க்கங்களின் வித்தியாசச் சூத்திரம் என்ன சொல்கிறது என்பது ஐந்தாறு மடிப்புகளில் விளங்கிவிடும்.

இந்த ஆறு காரணிகளையும் கூர்ந்து நோக்குக. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். 1640-ஆம் ஆண்டு பிரான்சில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த பெர்மா என்பவர், ஓய்வு நேரத்தில் கணிதம் பயின்றவர், இவ்வரிசையைக் கவனித்தார். இவ்வாறு அமையும் எண்கள் எல்லாம் பகா எண்களே என்று அவர் உறுதியாக நம்பினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஐந்து எண்கள் கூறியபடி நடந்துகொண்டன. ஆறாவதும் அவ்வாறே நடக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஐந்து பாத்திகளில் பலன் தந்த உரம் ஆறாவதிலும் தரும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லையா? ஆயினும் ஆறாவது எண் 4294967297 பத்து இலக்கமுடையது. அதன் வர்க்கமூலம் 65536-க்கு மேற்பட்டது. சாதாரண முறையில் ஆராய்வதானால் அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை ஆறாயிரத்திற்கு மேற்பட்டவை. பெர்மாவின் கூற்றைத் தொண்ணூறு ஆண்டுகள் ஒருவரும் மறுக்கவில்லை.

1729 டிசம்பரில் கோல்டுபாக் என்னும் அறிஞர், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த இளைஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதமொன்றின் பின்குறிப்பில், பெர்மாவின் இக்கூற்றைப் பற்றி அவர் அறிவாரா என்று கேட்டிருந்தார். முதலில் ஆய்லர் அதில் அக்கறை காட்டவில்லை. ஆனால் 1732-இல், தமது இருபத்தைந்தாம் வயதில், 4294967297 என்பது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று அறிவித்தார். ஈவு 6700417. பெர்மாவின் நம்பிக்கை பொய்த்தது.

ஆறாயிரம் எண்களுக்கிடையே 641 எவ்வாறு அகப்பட்டது? இதற்கு விடை காணத் தானியத்தைப் பங்கிட்டுப் பார்ப்போம். ஏழு பேருக்குப் பங்கிடுவதாகக் கொள்வோம். முதல் மூன்று கட்டங்களின் தொகை 7, சரியாகப் பங்கிடலாம். அடுத்த மூன்று கட்டங்களின் தொகை அதன் எட்டு மடங்கு; அதையும் பங்கிடலாம். இவ்வாறு மும்மூன்றாக 63 கட்டங்களும் தீர்ந்துவிடும். கடைசிக் கட்டம் எஞ்சும். அதைப் பங்கிட்டால் ஒரு மணி மிஞ்சும். ஏழு பேருக்கான சுழற்சி மூன்று கட்டங்கள். 64-ஐ மூன்றால் வகுக்க முடியாது. அதனால் நமது எண் 7-ஆல் வகுபடாது. இவ்வாறே ஒவ்வொரு ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கும் ஒரு சுழற்சி உண்டு. அச்சுழற்சி 64-ஐச் சரியாக வகுத்தால்தான் அப்பகா எண் நமது எண்ணின் காரணியாகும். 3-க்குச் சுழற்சி இரண்டு கட்டங்கள், 5-க்கு நான்கு, 17-க்கு எட்டு, 257-க்குப் பதினாறு, 65537-க்கு முப்பத்திரண்டு. எஞ்சியுள்ள 4294967297-இன் பகாக் காரணிகளுக்குச் சுழற்சி அறுபத்து நான்கு கட்டங்களே ஆகவேண்டும்.

மேலும், எந்தப் பகா எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அதன் சுழற்சியின் மடங்காகவே இருக்கும். எனவே நாம் தேடும் காரணி 64-இன் ஏதேனும் ஒரு மடங்கைவிட ஒன்று கூடியதாக இருந்தே தீரவேண்டும். அத்தகைய எண்களில் பகா எண்களை மட்டும் வரிசையாக எழுதினால்: 193, 257, 449, 577, 641. ஆறாயிரம் சோதனைகள் ஐந்தாகச் சுருங்கிவிட்டன. ஐந்தாவது சோதனையில் விடை. ஆய்லர் இவ்விதியைப் பின்னர்த் தாமே விளக்கி எழுதினார்.

இதில் வருந்தத்தக்க ஒரு செய்தி உண்டு. பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் சுழற்சியின் மடங்கு வரும் என்னும் இவ்வுண்மையைக் கண்டவர் வேறு யாருமல்லர், பெர்மாவேதான். அதே 1640-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதனைக் குறிப்பிட்டுள்ளார். கருவி அவர் கையிலேயே இருந்தது. ஐந்து வகுத்தல்களில் தமது பிழையை அவரே கண்டிருக்கலாம். அவர் ஏன் செய்யவில்லை, அல்லது செய்து எங்கோ ஒரு கழித்தலில் தவறினாரா என்பது எனக்கு நெடுநாளாக உள்ள ஐயம். பெரிய மேதையும் ஒரு சிறு வகுத்தலைத் தள்ளிப்போட்டிருக்கக் கூடும்.

641 சரியாகவே வகுக்கிறது என்பதை நீண்ட வகுத்தலின்றிக் கரும்பலகையில் காட்டப் பிற்காலத்தவர் ஓர் அழகிய வழி கண்டுள்ளனர். 641 என்பது 640-உம் ஒன்றும், 625-உம் பதினாறும்கூட. 640 என்பது 5 × 128. 625 என்பது ஐந்தின் நான்காம் அடுக்கு. இப்போது 641-ஐ, 128-இன் நான்காம் அடுக்காகிய 268435456-ஆல் பெருக்குவோம். 625 என்னும் பகுதி 640-இன் நான்காம் அடுக்கைத் தரும். 16 என்னும் பகுதி 4294967296-ஐத் தரும். அதாவது பாதிப் பலகை முடிந்து அடுத்த கட்டத்தில் வரும் மணிகளின் எண்ணிக்கை. மறுபுறம், 640-இன் நான்காம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது 641 × 639 × 409601. இதுவும் 641-ஆல் வகுபடுவதே. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க எஞ்சுவது 4294967296-உம் ஒன்றும், அதாவது 4294967297. 641-இன் ஒரு மடங்கிலிருந்து மற்றொரு மடங்கைக் கழித்தால் வருவதும் 641-இன் மடங்கே. ஈவும் உடன் கிடைத்துவிடுகிறது: 268435456-இலிருந்து 639 × 409601, அதாவது 261735039-ஐக் கழிக்க, 6700417. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதனைப் பின்பற்றுவதில் தடையிராது.

6700417 பகா எண்தானா? மேலே குறிப்பிட்ட லூகாஸ் 1878-இல் ஆய்லரின் விதியை இன்னும் கூர்மையாக்கினார். இவ்வெண்ணின் காரணி எதுவும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடியதாக இருக்கும் என்று நிறுவினார். வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டியிருப்பதால் அதுவரை தேடினால் போதும். அவ்வகையில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. வகுத்துப் பார்க்க மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் வகுக்கவில்லை; ஆகவே அது பகா எண். 65537-க்கோ இதே வகை விதிப்படி 193 ஒன்றால் மட்டும் வகுத்தால் போதும், மீதி 110. ஐந்திலக்க எண்ணொன்று பகா எண் என்பதை ஒரே வகுத்தலில் நிறுவிவிட்டோம்.

இப்போது முழு விடை கிடைத்துவிட்டது:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு வெவ்வேறு பகா எண்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விட்டுவிடலாம் என்பதால் இவ்வெண்ணுக்கு 128 வகுத்திகள் உள. மன்னன் தானியத்தை 641 குடும்பங்களுக்கு மீதியின்றிச் சமமாகப் பங்கிடலாம். ஆனால் அறுபத்து நான்கு கட்டங்களும் நிரம்பிய பிறகே பங்கிட முடியும். முதற் கட்டத்திலிருந்து நிரப்பிச் சென்று அதற்கு முன் எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் சில மணிகள் மிஞ்சியே தீரும். பலகையை நிரப்ப ஒரு நியாயமான காரணம் இதுவொன்றே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பாதிப் பலகையின் தொகையாகிய 4294967295 வேறொரு துறையிலும் தலைகாட்டுகிறது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று 1796-இல் பதினெட்டு வயதான கௌஸ் கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின், அது பெர்மாவின் பகா எண்களில் ஒன்றாகவோ அவற்றுள் வெவ்வேறானவற்றின் பெருக்குத்தொகையாகவோ இருந்தால்தான் இவ்வாறு வரைய இயலும். வேறெவற்றுக்கும் இயலாது என்பதை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். அறியப்பட்ட பகா எண்கள் ஐந்தே ஆதலின் அத்தகைய பலகோணங்கள் முப்பத்தொன்று. அவற்றின் பக்க எண்ணிக்கைகள் அனைத்தும், ஒன்றை நீக்கினால், 4294967295-இன் வகுத்திகளே.

நமது எண்ணுக்கு இரண்டு கூட்டினால் 18446744073709551617 வரும். பலகையை இன்னொரு மடங்கு விரித்தால் வரும் அடுத்த பெருக்கி இதுவே. பெர்மாவின் வரிசையில் ஏழாவது. பார்வைக்கு இரண்டுக்கும் கடைசி இலக்கத்தில் மட்டுமே வேறுபாடு. முன்னதை நாம் மடித்தே பிரித்தோம். பின்னதோ மடிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. 1880-இல் லாந்திரி என்னும் பிரெஞ்சுக்காரர், எண்பத்திரண்டு வயதில், பல மாதங்கள் உழைத்து அதனைப் பிரித்தார்: 274177 × 67280421310721. இதே விடையை 1855-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கிளௌசன் என்னும் வானியலறிஞர் கௌஸுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார் என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒரே பருமன். ஒன்றுக்குக் காகித மடிப்பு போதும். மற்றதற்கு முதுமையில் ஒரு மனிதரின் பல மாத உழைப்பு தேவைப்பட்டது. எண் பெரியதா சிறியதா என்பதைக் கொண்டு அதனைப் பிரிப்பது எளிதா அரிதா என்று கூற முடியாது.

இவ்வேறுபாடு இன்று ஏட்டளவில் நிற்பதன்று. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் வகுத்த மறைபொருள் முறை, அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. எனப்படுவது, இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்குத்தொகையிலிருந்து அவற்றை மீட்பது அரிது என்னும் அடிப்படையில் அமைந்தது. அங்கே கையாளப்படும் எண்கள் அறுநூறு இலக்கங்களுக்கும் மேற்பட்டவை. மடிப்புக்கு இடம் தரும் அமைப்பு எதுவும் அவற்றில் நேர்ந்துவிடாதவாறு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை. செய்தியை எண்ணாக மாற்றி, அதனை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, மீதி காண்பதே அம்முறையின் சாரம். அந்த அடுக்காக மிகப் பரவலாக வழங்குவது எது தெரியுமா? 65537. நமது பலகையில் நான்கு வரிசைகளை மடித்தபோது வந்த அதே எண். பதினாறு முறை வர்க்கமாக்கி, ஒரு முறை பெருக்கினால் 65537-ஆம் அடுக்கு கிடைத்துவிடும் என்பதே அதன் சிறப்பு. பிங்கலர் அசைகளை எண்ணக் கூறிய வழி இன்றைய கணிப்பொறிக்குள்ளும் இவ்வாறு நாள்தோறும் நடைபெறுகிறது.

கணிப்பொறியில் நமது இருபது இலக்க எண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. இன்று மேசைகளில் உள்ள பெரும்பாலான கணிப்பொறிகள் ஓர் எண்ணை அறுபத்து நான்கு இருமக் கட்டங்களில் எழுதி வைக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1. எல்லாக் கட்டங்களிலும் 1 இருந்தால் அதன் மதிப்பு, பலகை நிறைந்தபோது வந்த அதே 18446744073709551615. குறைவெண்களுக்கு இடம் ஒதுக்காத போது, அறுபத்து நான்கு கட்டங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. இதனுடன் ஒன்றைக் கூட்டினால் அறுபத்து நான்கு கட்டங்களும் சுழியமாகிவிடும். வழிந்த ஒன்றுக்கு அங்கு இடமில்லை. நிரல் எழுதுவோர் இதனைக் கவனியாவிடில் கணக்குகள் தவறிப்போகும்.

பலகையைத் தொடர்ந்து விரித்துச் சென்றால் பெர்மாவின் வரிசையும் தொடர்ந்து வளரும். 65537-க்குப் பிறகு அவ்வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. இரண்டின் அடுக்காக முதலில் 32, பிறகு 64, 128 என்று அடுக்கையே இரட்டித்துச் செல்லும்போது வரும் அடுத்த இருபத்தெட்டு எண்களும் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுவிட்டன. சிலவற்றுக்குக் காரணி ஒன்றும் தெரியாமலே, அவை பகா எண்ணாக இருக்க முடியாது என்பது மட்டும் கணிப்பொறிகளால் காட்டப்பட்டுள்ளது. அவற்றுக்கு அடுத்த எண் 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களை உடையது. அது பகு எண்ணா, பகா எண்ணா என்பது இவ்வரிகள் எழுதப்படும் நாள்வரை ஒருவருக்கும் தெரியாது.